எட்ட நின்று கிட்டப் பார்ப்பது

600 மி.மீ. லென்ஸை முதன்முதலாகக் கண்ணில் வைப்பவருக்குப் பறவை தெரியாது. வானம் தெரியும், ஒரு கிளை தெரியும், மறுபடியும் வானம் தெரியும். வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த கூழைக்கடா லென்ஸுக்குள் எங்கோ தொலைந்துபோயிருக்கும். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் இந்த லென்ஸ் பார்க்கும் அகலம் மூன்று டிகிரிகூட இல்லை. 50 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் அது காட்டுவது சுமார் இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு ஜன்னல்தான். சிறகு விரித்த கூழைக்கடா அந்த ஜன்னலுக்குள் அடங்காது. முதலில் 150இல் வைத்து மரத்தைப் பிடித்து, பிறகு கிளையை, பிறகு கூட்டை என்று மெல்ல 600 வரை இழுத்துக்கொண்டு போவது ஒரு கைப்பழக்கம். அது படிந்த பிறகுதான் விருந்து ஆரம்பமாகிறது.

எனக்குச் சோறு போடுவது வேறு தொழில். படமெடுப்பது வார இறுதிப் பித்து. இந்தப் பித்துள்ள பலரையும்போல நானும் மலைமுகட்டில் நின்று பள்ளத்தாக்கையும் மேகத்தையும் எடுத்துக்கொண்டு பல வருடங்களை ஓட்டினேன். அகலக்கோண லென்ஸ் தாராள மனசுக்காரன். கண்ணுக்கு எட்டுவதையெல்லாம் அள்ளிக் கொடுக்கும். ஆனால் எதையும் அருகில் விடாது. ஊட்டியில் எடுத்த மலையும் கொல்லிமலையில் எடுத்த மலையும் ஆல்பத்தில் அடுத்தடுத்து இருந்தால் எது எந்த ஊர் என்று வீட்டாருக்கே குழப்பம் வரும். காட்சி நிறைய இருந்தது, நுணுக்கம் இல்லை. அந்தக் குறை அரிக்க அரிக்க, சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, 150-600 லென்ஸ் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

புதுச் சாமான் வந்த வீட்டில் முதல் இரண்டு நாள் படமே எடுக்கப்படுவதில்லை. தடவிப் பார்ப்பதற்கே பொழுது சரியாக இருக்கும். இதன் எடை இரண்டு கிலோவை ஒட்டி வரும். முன்கண்ணாடியின் வாய் அகலம் 95 மி.மீ.; சாய்த்துப் பிடித்தால் பூச்சின் ஊதாவும் பச்சையும் கண்ணாடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ஸூம் வளையத்தைத் திருப்பினால் உள்குழல் வெளியே நீளும். முழுக்க நீண்டபின் முனைப்பாரம் கூடி, இடது கை தானாகவே லென்ஸின் அடியில் இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்துகொள்ளும். கீழ்நோக்கிப் பிடித்தால் தன் எடையிலேயே குழல் வழுக்கி இறங்கும் என்பதால் பூட்ட ஒரு சிறு பொத்தான். இன்னொரு பொத்தான், பத்து மீட்டருக்கு இப்பால் இருப்பதைத் தேடாதே என்று ஃபோகஸுக்குக் கட்டளையிடுகிறது. முதலில் இதை ஏதோ அலங்காரம் என்றுதான் நினைப்போம். ஏரிக்கரையில், கண்முன் ஆடும் நாணல் ஒன்றில் ஃபோகஸ் போய் ஒட்டிக்கொண்டு, அப்பால் பறவை இறங்கிப் போய்விடும் வேளையில்தான் அந்தப் பொத்தானை வடிவமைத்தவர் எத்தனை ஏரிக்கரையில் நின்றிருப்பார் என்று தோன்றும்.

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் பிரிந்தால் வேடந்தாங்கல். இருட்டோடு கிளம்பினால் பொழுது புலரும்போது போய்விடலாம். சுமார் 30 ஹெக்டேர் ஏரி, அவ்வளவுதான். நம் ஊர்ப் பெரிய ஏரிகளுக்கு முன்னால் இது ஒரு குட்டை. ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்து நிரம்பியதும் நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் நிற்கின்றன. தரையில் வரும் பகை எதுவும் எளிதில் மரத்தை அண்ட முடியாது. சுற்றிலும் நெல்வயலும் வேறு ஏரிகளும் இருப்பதால் இரைக்கும் பஞ்சமில்லை. கார்த்திகை மார்கழியில் கூடு கட்டும் சச்சரவு, தை மாசியில் குஞ்சுகளின் பசிக் கூச்சல். மரத்தில் இலைகள் எச்சத்தால் வெளுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் மரமே பூத்துவிட்டதுபோல் இருக்கும்.

ஏரிக்குப் போகும் முன்னே வழியில் ஒரு பாடம் காத்திருக்கும். சாலையோர வயலில் நத்தைகுத்தி நாரை. காரைவிட்டு இறங்கினால் எழுந்து போய்விடும். காருக்குள்ளேயே இருந்தால் காரை ஒரு மாடாகக்கூட மதிக்காது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் பதினைந்து மீட்டரில் அதன் முகம். இந்தத் தூரத்தில் 600இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அலகு தெளிவாக வரும். வால் பனிக்குள் போனமாதிரி கரைந்துவிடும். பரவாயில்லை, இன்று நமக்கு அலகுதான் வேண்டும்.

மூடிய வாய்க்கு நடுவே ஒரு சந்து. மேல் அலகு ஏறக்குறைய நேராக வர, கீழ் அலகு வளைந்து இறங்கி நுனியில் மறுபடி வந்து சேர்கிறது. நடுவில் அரை சென்டிமீட்டருக்கு வெளிச்சம் தெரிகிறது. அந்தச் சந்துக்குப் பின்னால் வயலின் பச்சை விழும்படி காரை ஓரடி முன்னே நகர்த்தினால், சாம்பல் நிற அலகுக்குள் ஒரு பச்சைக் கீற்று பதித்ததுபோல் இருக்கும். நத்தை ஓட்டை இந்தச் சந்தில் வைத்துத்தான் பாக்குவெட்டிபோல் நொறுக்குகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அலகின் ஓரம் சொரசொரப்பாக இருப்பது ஓட்டோடு மல்லுக்கட்டித் தேய்ந்ததால் என்று உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி கருதினார். ஆனால் கூர்ந்து கவனித்தவர்கள் கண்டது வேறு: வேலை நடப்பது நுனியில். கீழ் அலகின் நுனி பெரும்பாலும் வலப்புறம் இலேசாக முறுக்கியிருக்கும். அதை நத்தையின் வாய்க்குள் செலுத்தி, ஓட்டோடு உடலைப் பிடித்திருக்கும் தசையை அறுத்துவிடுகிறது. ஓடு உடைவதில்லை. இதெல்லாம் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே நடக்கிறது. நமக்குத் தெரிவது கழுத்தின் சின்ன உதறல் மட்டும், அடுத்த கணம் அலகின் நுனியில் பளபளவென்று சதை. நம் குளத்து ஆப்பிள் நத்தையின் சுழியும் வலப்புறமே. நுனி முறுக்கும் நத்தைச் சுழியும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும் இந்த ஒத்திசைவைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கையில், லென்ஸுக்குக் கொடுத்த பணம் அன்றே வசூலாகிவிட்டது. அந்த வருடத்துக் குஞ்சுகளுக்கு அலகில் சந்து இருக்காது. வளர வளரத்தான் வரும். பழுப்பு இறகோடு, வாயை முழுக்க மூடிக்கொண்டு நிற்கும் இளசு ஒன்று பெரியவற்றுக்கு நடுவே அகப்பட்டால், ஒரே படத்தில் இரண்டு வயதையும் பிடித்துவிடலாம்.

ஏரிக்கரையில் ஏறியதும் முதலில் எதையும் எடுக்காமல் ஒரு சுற்றுக் கேட்பது நல்லது. கூழைக்கடாக் குஞ்சுகளின் கரகரப்பு, நாரைகள் அலகை அலகால் தட்டும் கடகடப்பு, நீர்க்காகங்களின் முனகல். பிறகு வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஒன்பது மணி தாண்டினால் நீர்ப்பரப்பின் மேலும் கரைமண்ணின் மேலும் சூடான காற்று நெளியத் தொடங்கும். அந்த நெளிவு 600இல் பன்மடங்காகத் தெரியும். படத்தில் இறகின் ஓரம் மெழுகுபோல் இளகிப்போயிருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் கொதிக்கும் காற்றைத் துளைத்துப் பார்க்காது. ஆகவே விலையுயர்ந்த கண்ணாடியைவிட விடிகாலை அலாரம் பெரிய கருவி.

வெளிச்சத்தோடு வரும் இன்னொரு வம்பு வெள்ளை நிறம். வேடந்தாங்கலில் பாதிப் பறவை வெள்ளை: கொக்கு, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், இனப்பெருக்க காலத்து நத்தைகுத்தி. பின்னால் இருண்ட மரநிழல். கேமராவின் அளவுமானி அந்த இருட்டைக் கண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; வெள்ளைப் பறவை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போய், இறகின் கோடெல்லாம் அழிந்துவிடும். ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்து வைத்தால்தான் வெள்ளைக்குள் இருக்கும் வெள்ளைகள் தனித்தனியாக வரும். கொக்கின் வெள்ளை பாலாடை. கரண்டிவாயனின் வெள்ளையில் பருவகாலத்தில் கழுத்தடியில் இலேசான மஞ்சள் பூச்சு. நத்தைகுத்தியின் வெள்ளை, பக்கத்திலேயே பச்சையும் ஊதாவும் மினுக்கும் கறுப்புச் சிறகு இருப்பதால், இருப்பதைவிடக் கூடுதலாக வெளுத்துத் தெரிகிறது. மஞ்சள் மூக்கு நாரையின் முதுகுப்புறத்தில் வால் பக்கமாக வழியும் ரோஜா நிறம் இளவெயிலில் மட்டும் வாய்திறந்து பேசும். உச்சிவெயிலில் அதே இறகு வெளிறிப்போய் ஊமையாகிவிடும்.

கறுப்பை ரசிக்கப் பாம்புத்தாரா. நீந்தும்போது உடல் முழுக்க நீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. பாம்பு போவதாகவே தோன்றும். அதன் இறகு வாத்தின் இறகைப்போல் நீரை முழுக்க ஒட்டாமல் தள்ளாது, நன்றாக நனையும். நனைந்த கனம் முங்கிப் போகத் தோது. அதற்குப் பதில், மேலே வந்ததும் கிளையில் சிறகை விரித்துக் காய வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த விரிப்புதான் லாபம். வெறுங்கண்ணுக்கு வெறும் கறுப்பாகத் தெரிந்த தோளில், நீண்டு கூர்ந்த இறகுகள் ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளிக்கோடு ஓடுகிறது. ஒரு கோடும் மற்றதோடு மோதவில்லை. கழுத்தின் நடுவே ஒரு மடக்கு இருக்கிறதே, அது சும்மா இல்லை. அங்குள்ள முள்ளெலும்பின் தனி வடிவத்தால் கழுத்து வில்போல் மடங்கி, மீனைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்து, கூரிய அலகு மீனைக் குத்துகிறது. குத்திய மீனை மேலே தூக்கிப் போட்டுத் தலை முன்னால் வரும்படி பிடித்து விழுங்கும். அந்த ஒரு நொடியில், அலகுக்கும் மீனுக்கும் நடுவே காற்று மட்டும் இருக்கும் படம் ஒன்று கிடைக்க வேண்டும் என்பது இந்தப் பித்தர்கள் எல்லாருடைய நேர்த்திக்கடன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. வெயில் ஏறியபின், கூட்டில் குஞ்சுகள் வாடும்போது, நாரைத்தாய் அவற்றின்மேல் சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். பறக்க விரித்த சிறகு விறைப்பாக இருக்கும். நிழலுக்கு விரித்த சிறகு தளர்ந்து, ஓரம் தொங்கி, குடையும் பந்தலும் கலந்த ஒரு நிற்பு. சூரியன் அதன் முதுகுக்கு நேர் பின்னால் வரும் இடமாகக் கரையில் பார்த்து நின்றால், வெயில் இறகுக்குள் புகுந்து வருவது தெரியும். வெள்ளை இறகு ஒளிரும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்கள் சற்றே மங்கி, எங்கே ஓர் இறகு முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று வரி பிரியும். அடியில், அந்த நிழலுக்குள், குஞ்சுகளின் திறந்த வாய்கள். தாய் சூரியனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருப்பதை, அதே கூட்டை விடாமல் பார்ப்பவரால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

கரையில் இந்தக் கூட்டோடு மல்லாடிக்கொண்டிருந்த ஒரு நாள், மாட்டை ஓட்டிப்போன ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றார்.

"இன்னா தம்பி, இது எம்மாந்தூரம் இழுக்கும்?"

"பாருங்க ஐயா" என்று இடம் விட்டேன். கருவேல மரத்தின் உள்நிழலில் பகல் தூக்கத்திலிருந்த ஓர் இராக்கொக்கில் லென்ஸ் நின்றிருந்தது. அது அரைக்கண் திறந்தது போலும்.

"அட! இது கண்ணு இம்மாஞ் செவப்பா? பொறந்ததுலேர்ந்து பாக்குறேன், தெரியாதே!"

பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. கரைமேலயே நின்னு பாரு. எறங்குனா அதுங்க ஏந்துக்கும்" என்று சொல்லிவிட்டு மாட்டின் பின்னால் போனார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டு இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் என்னும் அதிகாரப் பத்திரம் வாங்கினார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. முதலில் கவுல் கொடுத்த கலெக்டர் லியோனல் பிளேஸ். பக்கத்து மதுராந்தகத்தில், உடைய இருந்த ஏரிக்கரையை மழையிரவில் வில்லேந்திய இருவர் காத்து நின்றதைக் கண்டதாகக் கதை சொல்லப்படும் அதே பிளேஸ் துரைதான். ஏரி காத்த ராமர் கோயிலின் தாயார் சன்னதியில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. ஓர் ஏரியில் கரையைக் காத்த கதை, அடுத்த ஏரியில் பறவையைக் காத்த ஆவணம். ஒரே அதிகாரியின் கையில் இரண்டும் வந்து சேர்ந்தது இந்த வட்டாரத்தின் அதிர்ஷ்டம். ஊராருக்குக் கணக்கும் தெரியும்: எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாயும் வயலில் உரச்செலவு குறையும். பறவைக்கு மரம், உழவனுக்கு உரம், நடுவில் யாரும் கலைக்காத ஒரு தூரம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இந்த ஏரி சேர்ந்தது. ஊர் வெகுகாலமாக நடத்திவந்த காவலுக்கு உலகம் பிந்திப் போட்ட கையெழுத்து அது.

அந்தத் தூரத்தைப் பொறுக்காதவர்களும் வருகிறார்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டுவதும் விசிலடிப்பதும் உண்டு. பாவத்தை விடுங்கள், படத்தின் கணக்கிலேயே அது நஷ்டம். மிரண்ட பறவை நம்மிடமிருந்து விலகித்தான் பறக்கும். படத்தில் விழுவது வாலும் பின்புறமும். கூட்டுக்குத் திரும்பி வரும் பறவையோ எதிரே வருகிறது. அலகில் ஒரு பச்சைச் சுள்ளி. கால்கள் தொங்கத் தொடங்கியிருக்கும். வேகத்தைக் குறைக்க மார்பை நிமிர்த்திச் சிறகை முன்னே கவிக்கும். 1/2000 நொடியில் நிறுத்திப் பார்த்தால், சிறகின் மேல்விளிம்பில், நம் கட்டைவிரல் இருக்கும் இடத்தில், சில சிறு இறகுகள் மட்டும் தனியே எழுந்து நிற்பது தெரியும். மெதுவாக இறங்கும்போது காற்று சிறகைவிட்டுப் பிரிந்து பறவை தொப்பென்று விழாமல் காப்பது அந்தச் சிறு இறகுகள்தான். மிரட்டி எழுப்பிய பறவையிடம் நின்று இறங்கும் இந்த நளினத்தைக் காண வழியில்லை. மாலை நாலு மணிக்குமேல் கரையில் சும்மா நின்றாலே போதும். வயல்களிலிருந்து வரிசையாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

மா. கிருஷ்ணன் (1912–1996) இந்த விஷயத்தில் நம் எல்லாருக்கும் மூத்தவர். அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். வெவ்வேறு பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே ஒரு கேமராவை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பேரும் வைத்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பெருமாள்முருகன் தொகுத்த நூலின் பெயரே 'பறவைகளும் வேடந்தாங்கலும்'. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸும் நொடிக்குப் பத்து இருபது படமும் அவருக்குக் கிடையாது. மிருகம் என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டித் தெரிந்த மனசு இருந்தது. இன்றைய மிரர்லெஸ் கேமரா கண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்பது உண்மை, பெரிய வசதி. ஆனால் எந்தக் கூட்டுக்கு எப்போது தாய் திரும்பும், காற்று எந்தப் பக்கம், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதால் எந்தப் பக்கம் முகம் தெரியும் என்பதெல்லாம் இன்றும் கரையில் நிற்பவரே படிக்க வேண்டிய பாடம்.

நிழல் கொடுத்து நின்ற நாரையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இறகின் வரிகளைக் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள், குஞ்சுகளை எண்ணுகிறார்கள். பிறகு தவறாமல் ஒரு கேள்வி வரும்: "இவ்வளவு கிட்டப் போக எப்படி விட்டது?" கிட்டப் போகவில்லை, அதனால்தான் சிறகை மடக்காமல் நின்றது என்று சொல்கிறேன். லென்ஸின் விலையையும் கேட்பார்கள். அதையும் சொல்லிவிட்டு, கரைமேலேயே நின்று பார்க்கச் சொன்ன பெரியவரின் யோசனை இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.